4,127 புத்தகங்களுக்குப் பார்கோடு: எக்செல்லும் வேர்டும் எனக்கு எப்படி உழைத்தன

எங்கள் நூலகத்தில் 4,127 புத்தகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் இப்போது ஒரு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அத்தனையும் ஒரே எக்செல் கோப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் வேர்டின் மெயில் மெர்ஜ் (பட்டியலின் ஒவ்வொரு வரியையும் எடுத்துத் தனித்தனி லேபிளில் நிரப்பும் வசதி) வழியாக, சாதாரண லேசர் பிரிண்டரில் அச்சிட்டவை. இந்த வேலைக்கு எதைப் பயன்படுத்தலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக, நான் முயன்று பார்த்த எல்லா வழிகளையும் பற்றி எழுதுகிறேன். வேர்டுக்கு வந்து சேர்வதற்கு முன் நான்கு வழிகளில் முட்டிப் பார்த்திருக்கிறேன்.

புத்தகத்தின் பின்னால்தான் ஏற்கெனவே பார்கோடு இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். அங்கே இருப்பது ஐ.எஸ்.பி.என். எண். 978 அல்லது 979 என்று தொடங்கும் 13 இலக்கங்கள். அந்தப் பதிப்பின் எல்லாப் பிரதிகளுக்கும் அது ஒன்றேதான். எங்களிடம் ஒரே அகராதி ஆறு பிரதி இருக்கிறது. ஆறிலும் ஒரே எண். எந்தப் பிரதியை யார் எடுத்துப் போனார்கள், எது கிழிந்து திரும்பி வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. போதாததற்கு, 13 இலக்க ஐ.எஸ்.பி.என். வந்ததே 2007-இல்தான். எங்கள் பழைய புத்தகங்கள் பலவற்றில் 10 இலக்க எண் எழுத்தாக மட்டும் இருக்கிறது, கோடுகளே இல்லை. ஆகவே, பிரதிக்கு ஒரு சொந்த எண் கட்டாயம் வேண்டும்.

அந்தச் சொந்த எண் எங்கள் பதிவேட்டில் முன்பே இருந்தது. க-217 என்றால் கதைப் பிரிவில் 217ஆவது புத்தகம். அ என்றால் அறிவியல், வ என்றால் வரலாறு. பல வருடங்களாக இப்படித்தான் கையால் எழுதி வந்தோம். அதை அப்படியே எக்செல்லில் ஏற்றி, அப்படியே பார்கோடாக்கிவிடலாம் என்று நினைத்தேன். முடியாது. நீளவாக்கில் கோடுகளாக நிற்கும் பார்கோடுகளில் அதிகம் புழங்கும் கோட் 128, பெயரிலேயே சொல்வது போல, 128 ஆஸ்கி குறிகளை மட்டும் அறியும். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக் குறிகள், அவ்வளவுதான். அதில் 'க' என்ற எழுத்துக்கு இடமில்லை. க்யூஆர் கோடில் தமிழ் எழுத்தை வைக்கலாம். ஆனால் எங்களிடம் இருந்தது ஒற்றைக் கோட்டில் படிக்கும் ஸ்கேனர், அது க்யூஆரைப் படிக்காது.

சரி, பிரிவுக்கு இரண்டு இலக்கம், புத்தகத்துக்கு ஆறு இலக்கம் என்று 8 இலக்க எண்ணாக மாற்றினோம். கதை 01, வரலாறு 02, அறிவியல் 03. அ-4217 என்று இருந்தது 03004217 ஆனது. (பதிவேட்டு எண் ஓடிக்கொண்டே போகும், தொலைந்தவையும் கழித்தவையும் உண்டு என்பதால் புத்தக எண்ணிக்கையைவிட அது பெரிதாக இருக்கும்.) எக்செல்லில் எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரு சின்ன அட்டவணை போட்டு, வி-லுக்கப் வைத்து மாற்றினால் ஒரே நிமிடம்.

இங்கேதான் இந்த முழு வேலையின் உயிர் இருக்கிறது. பார்கோடு வரைவது எளிது, எக்செல்லில் அந்த எண்கள் இருக்கும் பத்தியை (செங்குத்து வரிசையை) ஒழுங்காக வைப்பதுதான் கடினம். 03004217 என்று தட்டி என்டர் அடித்தால், எக்செல் அதைக் கணக்குக்கான எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள சைபரை நீக்கிவிடும். 3004217 மட்டும் மிஞ்சும். 13 இலக்க எண்ணைத் தட்டினால் 9.78817E+12 என்பது போல அறிவியல் முறையில் சுருக்கிக் காட்டும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் 16ஆவது இலக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சைபராக்கிவிடும், திரும்பப் பெற வழியே இல்லை. கூட்டல் கழித்தல் செய்யாத எண் எதுவானாலும் அதை எழுத்தாக வைப்பதே முறை.

எழுத்தாக மாற்றுவதிலும் ஒரு சறுக்கல் உண்டு. பத்தியைத் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' என்று ஃபார்மேட்டை மாற்றினால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் எண்கள் எண்களாகவே இருக்கும். இனிமேல் தட்டுபவைதான் எழுத்தாகும். பக்கத்துப் பத்தியில் டெக்ஸ்ட் ஃபங்ஷன் போட்டு, எட்டு சைபரை வடிவமாகக் கொடுத்து, வந்த விடையை நகலெடுத்து 'வேல்யூஸ்' மட்டும் ஒட்டியபோதுதான் எனக்குப் பத்தி முழுதும் ஒரே சீராக வந்தது. அப்புறம் கவுன்ட்-இஃப் வைத்து ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்த்தேன். 19 எண்கள் இரட்டையாக இருந்தன. பதிவேட்டில் பக்கம் திரும்பும் இடங்களில் கடைசி வரியை இரண்டு பேரும் தட்டியிருந்தோம். அச்சடித்து ஒட்டிய பிறகு இது தெரிந்திருந்தால் அழுதிருப்பேன்.

இனி வழிகள்.

முதலில் போனது ஓர் இணையதளத்துக்கு. பெயர் வேண்டாம். எண்களின் பட்டியலை ஒட்டினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.என்.ஜி. படம் தந்தது. திரையில் பார்க்க அழகாக இருந்தன. அந்தப் படங்களை லேபிளுக்கு ஏற்றபடி இழுத்துச் சுருக்கி, இரவல் வாங்கிய ஒரு சின்ன தெர்மல் பிரிண்டரில் அடித்தபோது, பத்தில் நான்கை ஸ்கேனர் படிக்கவில்லை. காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. அந்த பிரிண்டர் 203 டி.பி.ஐ., அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஒரு புள்ளி 0.125 மி.மீ. மிக மெல்லிய கோடு 0.25 மி.மீ. இருந்தால் சரியாக 2 புள்ளி, 0.375 இருந்தால் 3 புள்ளி. நான் சுருக்கிய படத்தில் அது சுமார் 0.3 மி.மீ., அதாவது இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. அரைப் புள்ளி என்று ஒன்றை பிரிண்டரால் அடிக்க முடியாதே. ஆகவே சில கோடுகள் 2 புள்ளி, சில கோடுகள் 3 புள்ளி என்று அதுவே முடிவெடுத்துக்கொண்டது. கோட் 128-இல் கோடும் இடைவெளியும் 1, 2, 3, 4 என்று நான்கு அகலங்களில் வரும். அந்த அகலங்களின் விகிதம்தான் செய்தியே. அது குழம்பினால் ஸ்கேனர் என்ன செய்யும்? பார்கோடு படத்தை மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது என்பதை அன்றைக்குப் படித்தேன்.

அதே தெர்மல் லேபிள்களைப் பற்றி இன்னொன்று. நேரடியாகச் சூடு பட்டுக் கறுக்கும் தாளில் அடித்தவை அவை. சன்னலோரத் தட்டில் வைத்திருந்த பத்துப் புத்தகங்களில் சில மாதங்களிலேயே கோடுகள் பழுப்பாக மங்கிவிட்டன. பார்சலில் ஒட்ட அந்தத் தாள் போதும், நாலு நாள் உழைத்தால் சரி. வருடக்கணக்கில் இருக்க வேண்டிய புத்தகத்துக்கு அது ஆகாது. தெர்மல்தான் வேண்டும் என்றால் ரிப்பன் போட்டு அடிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் வகையை எடுக்க வேண்டும். அதில் மை தாளின் மேல் படியும், வெயிலில் இப்படி மங்காது.

இரண்டாவதாக, லேபிள் அடிப்பதற்கென்றே உள்ள ஒரு கட்டண மென்பொருளின் இலவச முன்னோட்டத்தை இறக்கினேன். இதன் பெயரும் வேண்டாம். எக்செல் கோப்பை நேராக இணைத்துக்கொண்டது, பிரிண்டரின் புள்ளிக் கணக்குக்கு ஏற்றபடி கோட்டின் அகலத்தைத் தானே பொருத்தியது. பார்கோடு விஷயத்தில் இதைவிடச் சிறந்தது எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் பார்கோடுக்கு மேலே புத்தகத்தின் தலைப்பு தமிழில் வர வேண்டும் என்பது எங்களுக்கு முக்கியம். ஒட்டும்போது எந்த ஸ்டிக்கர் எந்தப் புத்தகத்துக்கு என்று அதைப் பார்த்துத்தானே தெரியும்! அந்த மென்பொருள் 'கோள்கள்' என்ற சொல்லை அச்சடித்த விதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். இரட்டைக்கொம்பு ஒரு பக்கம், அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், க தனியே, துணைக்கால் தனியே, ள்-இன் புள்ளி அடுத்த எழுத்தின் தலையில். எழுத்துருவை மாற்றினேன், அமைப்பை மாற்றினேன், அவர்களுக்குக் கடிதமும் எழுதினேன். "உங்கள் மொழி எங்கள் பட்டியலில் இல்லை" என்று பதில் வந்தது. தமிழில் அச்சடிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, எந்த மென்பொருளையும் வாங்கும் முன் கொ, கோ, கௌ, ஸ்ரீ நான்கையும் அடித்துப் பார்த்துவிடுங்கள். எழுத்து ஒழுங்காக இணைகிறதா என்பது அந்த நான்கிலேயே தெரிந்துவிடும்.

அதே போல, எக்செல்லிலிருந்து சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்துத் தருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெறும் 'சி.எஸ்.வி.' என்று சேமித்தால் தமிழ்த் தலைப்பெல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும். சேமிக்கும் பட்டியலில் 'சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிச் சேமித்த கோப்பை மறுபடி எக்செல்லில் இரண்டு முறை சொடுக்கித் திறந்தால் எண்களின் முன் சைபர்கள் திரும்பவும் போய்விடும். திறந்து பார்க்க வேண்டுமானால் நோட்பேடில் பாருங்கள்.

மூன்றாவதும் நான்காவதும் எழுத்துரு வழி. லிப்ரே பார்கோடு என்ற இலவச எழுத்துருத் தொகுப்பு கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கிறது. அதில் லிப்ரே பார்கோடு 39 மிக எளிது. எண்ணுக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்து, அந்த எழுத்துருவை மாற்றினால் போதும், செல்லுக்குள்ளேயே பார்கோடு நிற்கும். கோட் 39 என்பது 1974-இல் வந்த முறை. அதற்குக் கட்டாயமான சரிபார்ப்பு எண் (தவறாகப் படித்தால் காட்டிக்கொடுக்கும் கூடுதல் எண்) கிடையாது, அதனால்தான் இவ்வளவு எளிதாக இருக்கிறது. முதல் முறை அதை ஸ்கேன் செய்து 'பீப்' சத்தம் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இருபது முப்பது லேபிள் வேண்டும் என்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், இதற்குமேல் படிக்கவே வேண்டாம்.

அதன் குறை அகலம். ஒரு எழுத்துக்கு ஒன்பது கோடு இடைவெளிகள், அவற்றில் மூன்று அகலமானவை. அகலக் கோடு மெல்லிய கோட்டைப் போல மூன்று மடங்கு என்று வைத்தால், 8 இலக்கத்தோடு இரண்டு நட்சத்திரமும் சேர்ந்து 159 மெல்லிய கோட்டு அகலம் பிடிக்கிறது. அதே எண்ணை 1981-இல் வந்த கோட் 128-இல் இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்து எழுதினால் 79 போதும். சரி பாதி. எங்கள் எண்ணில் இலக்கம் இரட்டைப்படையாக, எட்டாக இருப்பது இந்த இடத்தில் நன்றாக உதவியது.

ஆனால் கோட் 128 எழுத்துருவில் எண்ணை வெறுமனே தட்டினால் கோடுகள் வரும், ஸ்கேனர் படிக்காது. தொடக்கக் குறி, சரிபார்ப்பு எண், முடிவுக் குறி மூன்றையும் நாமே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். கணக்கு இப்படி. 03004217-ஐ 03, 00, 42, 17 என்று பிரிக்கிறோம். இரட்டை இலக்க முறைக்கான தொடக்கக் குறியின் மதிப்பு 105. அதோடு முதல் ஜோடியை ஒன்றாலும், இரண்டாவதை இரண்டாலும், மூன்றாவதை மூன்றாலும், நான்காவதை நான்காலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 105 + 3 + 0 + 126 + 68, மொத்தம் 302. அதை 103-ஆல் வகுத்தால் மீதி 96. அந்த 96-தான் சரிபார்ப்பு எண். இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறிவிடும் என்பதால் ஸ்கேனர் தவறைக் கண்டுபிடித்துவிடும். இதை எக்செல் சூத்திரமாகவே எழுதிவிட்டேன். ஐந்து பத்தி நீளத்துக்குப் போனது, ஆனால் வேலை செய்தது. இந்தக் கணக்கு புரிந்த பிறகு பார்கோடு மீது எனக்கு ஒரு தனி மரியாதையே வந்துவிட்டது.

அப்புறம் ஏன் எழுத்துருவை விட்டேன்? கோப்பை அச்சடிக்க வேறு கணினிக்குக் கொண்டுபோனோம். அதில் அந்த எழுத்துரு இல்லை. கணினி ஒன்றும் சொல்லாமல் வேறு எழுத்துருவைப் போட்டு, இரண்டு முழுத் தாள் லேபிளிலும் கோடுகளுக்குப் பதிலாக என்னென்னவோ ஐரோப்பிய எழுத்துகளை அச்சடித்துத் தள்ளியது. எழுத்துரு மேல் பழியில்லை. அதை எல்லாக் கணினியிலும் நிறுவவோ, பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோகவோ செய்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பின் இந்த வேலையைப் பார்க்கப் போகிறவர் இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பாரா என்ற கவலை வந்துவிட்டது.

அப்படித்தான் வேர்டுக்கு வந்தேன். வேர்ட் 2013 முதல் பார்கோடு வரையும் திறன் அதற்குள்ளேயே இருக்கிறது. எழுத்துரு வேண்டாம், சரிபார்ப்பு எண்ணை நாம் போட வேண்டாம். மெயிலிங்ஸ் பகுதியில் லேபிளைத் தேர்ந்தெடுத்து, எக்செல் கோப்பை இணைத்து, முதல் லேபிளில் கர்சரை வைத்து, கண்ட்ரோலும் எஃப்9-உம் சேர்த்து அழுத்தினால் ஒரு ஜோடி அடைப்புக்குறி வரும். அதற்குள் ஆங்கிலத்தில் 'மெர்ஜ்பார்கோடு' என்ற சொல், எக்செல் பத்தியின் தலைப்பு, கோட்128 என்ற வகைப் பெயர். பின்சாய்வுக் கோட்டோடு 'டி' (t) என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் கோடுகளுக்குக் கீழே எண்ணும் வரும். 'ஹெச்' சேர்த்து 567 என்று கொடுத்தால் உயரம் ஒரு சென்டிமீட்டர். (ஓர் அங்குலம் என்பது 1440 அலகு, அந்தக் கணக்கு.) அடைப்புக்குறியைக் கையால் தட்டினால் வேலை செய்யாது, கண்ட்ரோல் எஃப்9 வழியாகத்தான் வர வேண்டும். எக்செல் பத்தியின் தலைப்பு இடைவெளியில்லாத ஒரே ஆங்கிலச் சொல்லாக இருந்தால் குழப்பம் வராது. மேலே தமிழ்த் தலைப்புக்குச் சாதாரண மெர்ஜ் ஃபீல்டு. கொம்பும் காலும் அதனதன் இடத்தில் அழகாக நின்றன.

முதல் லேபிளை முடித்ததும் 'அப்டேட் லேபிள்ஸ்' பொத்தானை அழுத்த மறக்கக் கூடாது. அதுதான் மற்ற லேபிள்களிலும் 'அடுத்த பதிவு' என்ற குறிப்போடு இதே அமைப்பை நகலெடுக்கிறது.

எக்செல்லையும் வேர்டையும் இணைக்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இணைப்பு நிரல் ஒரு பத்தியில் இருப்பது எண்ணா எழுத்தா என்பதை, வழக்கமான அமைப்பில், முதல் 8 வரிகளைப் பார்த்து முடிவு செய்கிறது. முதல் எட்டும் எண்ணாக இருந்து, ஒன்பதாவது எழுத்தாக இருந்தால், அந்த ஒன்பதாவது வெறுமையாகவோ சைபராகவோ வந்துவிடும். பத்தி முழுதும் எழுத்தாக மாற்றிவிட வேண்டும் என்று முன்பே நான் அழுத்திச் சொன்னது இதற்காகவும்தான்.

முதல் தாளை அடித்தோம். ஒரு தாளில் மூன்றுக்கு எட்டு, 24 லேபிள். ஒவ்வொன்றும் 63.5-க்கு 33.9 மி.மீ. என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஸ்கேனரை எடுத்து, எக்செல்லில் ஒரு புதுத் தாளைத் திறந்து, ஒவ்வொன்றாக அதில் படிக்க வைத்தான்.

"அக்கா, முதல் சைபர் எங்கே போச்சு?"

எட்டிப் பார்த்தேன். 3004217, 3004218, 3004219. ஏழு ஏழு இலக்கம். லேபிளில் கோடுகளுக்குக் கீழே 03004217 என்று தெளிவாக இருக்கிறது, ஸ்கேனர் சைபரை விட்டுவிடுகிறது. அன்று சாயங்காலம் முழுக்க வேர்டைச் சந்தேகப்பட்டேன், ஸ்கேனரின் கையேட்டை எடுத்து ஒவ்வொரு அமைப்பு பார்கோடாகப் படிக்க வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் மாற்றி மாற்றி, ஸ்கேனரைப் புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்கே கொண்டுவந்தும் ஏழு இலக்கம்தான். கடைசியில் தம்பிதான் தற்செயலாக நோட்பேடு திறந்திருக்கும்போது ஸ்கேன் செய்தான். 03004217. சைபர் அங்கே இருக்கிறது!

ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகை மாதிரிதான். படித்த எண்களைத் தட்டி, முடிவில் என்டரும் அடிக்கும். எக்செல்லுக்கு அது கையால் தட்டியதா, ஸ்கேனர் தட்டியதா என்று தெரியாது. சாதாரண செல்லில் விழுந்ததால் வழக்கம் போலச் சைபரை எடுத்துவிட்டது. பார்கோடு சரி, ஸ்கேனர் சரி, நாங்கள் சோதித்துப் பார்த்த இடம்தான் தப்பு. ஆகவே, சோதிப்பவர்கள் முதலில் நோட்பேடில் சோதியுங்கள், அல்லது ஸ்கேன் செய்யும் பத்தியை முன்கூட்டியே டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். ஒரு முழு மாலை மிச்சமாகும்.

அச்சிடும்போது எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அளவு. அச்சுப் பெட்டியில் 'ஃபிட் டு பேஜ்' என்று இருந்தால் பக்கத்தை மூன்று சதவீதம் போலச் சுருக்கிவிடும். கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் எட்டு வரிசை லேபிளின் மொத்த உயரம் 271.2 மி.மீ., அதில் மூன்று சதவீதம் 8 மி.மீ. மேல் வரிசை சரியாக இருந்து, கீழே வர வர ஏறிக்கொண்டே போய், கடைசி வரிசையில் தலைப்பு மேல் லேபிளில் போய் விழும். 'ஆக்சுவல் சைஸ்', அதாவது 100 சதவீதம் என்று வைக்க வேண்டும். முதலில் வெள்ளைத் தாளில் அடித்து, அதை லேபிள் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எங்கே விலகுகிறது என்று உடனே தெரியும். ஒவ்வொரு கட்டு தொடங்கும்போதும் இதைச் செய்தோம்.

கோடுகளின் இருபுறமும் வெள்ளை இடம் விட வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கோட் 128-க்கு ஒவ்வொரு பக்கமும் மெல்லிய கோட்டைப் போலப் பத்து மடங்கு இடம் வேண்டும். அழகுக்காகச் சுற்றிலும் கட்டம் போடலாம் என்று ஆசைப்பட்டு, அந்தக் கட்டத்தின் கோட்டையும் ஸ்கேனர் சேர்த்துப் படிக்கப் பார்த்துத் திணறியதைக் கண்டு எடுத்துவிட்டேன். நிறமும் வேண்டாம். சிவப்பு ஒளியில் படிக்கும் ஸ்கேனருக்குச் சிவப்புக் கோடு வெள்ளை மாதிரிதான் தெரியும். கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். இங்க்ஜெட்டில் அடித்தால் சாதாரணத் தாளில் மை பரவி மெல்லிய கோடு தடித்துவிடும், லேசரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் லேசரில் ஒரே லேபிள் தாளைப் பாதி உரித்துவிட்டு மறுபடி உள்ளே விடாதீர்கள். சூட்டில் ஓரம் கிளம்பி உள்ளே ஒட்டிக்கொண்டால் பிரிண்டர் போய்விடும்.

4,127 பதிவுகளையும் ஒரே அடியாக மெர்ஜ் செய்யச் சொன்னால் கணினி மூச்சு வாங்கும். 240 பதிவு, அதாவது பத்துத் தாள் என்று பிரித்துச் செய்தேன். ஒவ்வொரு கட்டையும் பி.டி.எஃப். ஆக்கி, எந்த எண் முதல் எந்த எண் வரை என்று கோப்புக்குப் பெயர் வைத்தேன். தாள் சிக்கிக் கிழிந்தபோது அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி அடிக்க இது உதவியது. மொத்தம் 172 தாள். கடைசித் தாளின் கடைசி லேபிள் ஒன்றே ஒன்று வெறுமையாக வந்தது.

ஒட்டும்போது ஐ.எஸ்.பி.என். பார்கோடுக்குப் பக்கத்தில் ஒட்டாமல், பின்னட்டையின் மேல் மூலையில் ஒட்டினோம். பக்கத்தில் இருந்தால் ஸ்கேனர் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டியதும் ஸ்கேன் செய்து, திரையில் வரும் தலைப்பையும் கையிலிருக்கும் அட்டையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டோம். ஆறு புத்தகங்களில் ஸ்டிக்கர் பக்கத்துப் புத்தகத்துக்கு மாறியிருந்தது. நாலாயிரத்தில் ஆறு பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் எடுத்துப் போகாத புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்று ஒரு குழந்தையிடம் கேட்கும் நிலை வரவே கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன்.

என் மதிப்பீடு இதுதான். கையில் எக்செல்லும் வேர்டும் லேசர் பிரிண்டரும் இருக்கிறவர்களுக்கு, சில ஆயிரம் லேபிள்களை ஒருமுறை அடித்து முடிக்க, தமிழ் எழுத்தும் கூடவே வர வேண்டும் என்றால், வேர்டின் இந்த வசதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஃபீல்டைக் கையால் எழுதுவது முதல் நாள் பயமுறுத்தும், இரண்டாம் நாள் பழகிவிடும். அவசரத்துக்குப் பத்து லேபிள் என்றால் லிப்ரே பார்கோடு 39. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஜி-லேபிள்ஸைப் பார்க்கலாம். சி.எஸ்.வி. கோப்பைக் கொடுத்தால் லேபிளாக்கித் தரும், இலவசம். தினமும் நூற்றுக்கணக்கில் சுருள் லேபிள் அடிக்கிறவர்களுக்கு வேர்ட் பொருந்தாது. கோட்டின் அகலம் இத்தனை பிரிண்டர் புள்ளி என்று குறிப்பிட அதில் வழி இல்லை. மிகச் சின்ன லேபிளிலும் அதே பிரச்சினை வரும். அவர்கள் லேபிளுக்கான தனி மென்பொருளை, தமிழ் எழுத்தைச் சோதித்துவிட்டு, வாங்குவது நல்லது.

புதிதாக வரும் புத்தகங்களுக்கும் இதே கோப்புதான். ஒரு தாள் முழுமையாக வேண்டும் என்பதால் 24 சேரும் வரை காத்திருந்து அடிக்கிறேன். இப்போது மேசையில் 17 இருக்கின்றன.